பெயரும் தேதியும் எழுதிய தண்ணீர்

ஆகஸ்ட் ஆறாம் தேதி, திங்கட்கிழமை. விடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நடீன் ஜெப்சன் வீட்டைப் பூட்டினாள், பூட்டை இழுத்துப் பார்த்தாள், படியிறங்கி வண்டியின் ஓட்டுநர் பக்கம் வந்தாள். அங்கே அவள் கணவன் வெர்ன் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தான். அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் இறங்கி மறுபக்கம் போனான்.

"கடல் வரைக்கும் நீயேதான் ஓட்டப் போறியா, டிரைவர்?"

"திரும்பி வரும்போதும்" என்றாள்.

நெவாடாவின் ஈலி ஊரில் இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நடீன். காலையில் நாற்பத்தோரு மைல், மாலையில் நாற்பத்தோரு மைல். பண்ணைவீட்டு வாசலில் பிள்ளை நிற்காவிட்டால் மூன்று நிமிடம் காத்திருப்பாள். நான்காவது நிமிடம் பேருந்து நகர்ந்துவிடும், பள்ளி முதல்வரின் மகளாக இருந்தாலும். எழுதி வைத்தது எழுதி வைத்ததுதான் என்பாள். அதற்காக ஊரில் அவளைத் திட்டியவர்களும் உண்டு. அவர்களே பனிப்புயல் அடித்தால் தங்கள் பிள்ளைகளை அவள் பேருந்தில்தான் ஏற்றுவார்கள்.

ஐம்பத்தொன்பது வயதுவரை அவள் கடலைப் பார்த்ததில்லை. செம்புச் சுரங்கத்தில் முப்பத்தோரு வருடம் லாரி ஓட்டிய வெர்ன் ஜூனில் ஓய்வு பெற்றான். அன்றைக்கே குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டினான். பத்தொன்பது நாள், மூவாயிரத்து இருநூறு மைல், டெக்சஸ் கடற்கரை போய்த் திரும்ப. இரண்டாம் நாளுக்கு நேரே 'சாடில்ஹார்ன் பள்ளத்தாக்கு, கால் நீட்ட இரண்டு மணி நேரம்' என்று எழுதியிருந்தான். ஐஸ் பெட்டியில் ஹாம் வைத்த சாண்ட்விச், ஊறுகாய் வெள்ளரிக்காய், குளிர்ந்த சோடா. வண்டியின் பின்பக்கம் ஆறு கேன் குடிதண்ணீர். ஒவ்வொன்றும் ஒரு கேலன், நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆறு கேன் இல்லாமல் வெர்னின் வண்டி வீட்டை விட்டு நகராது.

அதற்குக் காரணம் உண்டு. காணாமல் போனவர்களைத் தேடும் ஊர்க் குழுவில் அவன் பத்தொன்பது வருடம் இருந்தவன். பாலைவனத்தில் உயிரோடு கண்டெடுத்தவர்களைப் பற்றி விருந்துகளில் பேசுவான். மற்றவர்களைப் பற்றி நடீனிடம் மட்டும், அதுவும் ஒரே ஒருவனைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறான். தன் நடைவழியில் முன்கூட்டியே தண்ணீர் கேனைப் பதுக்கி வைத்துவிட்டு, நாலு நாள் நடந்து அந்த இடத்துக்கு வந்த இளைஞன் அவன். கேனை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். கேன் இருந்த குழியைச் சுற்றி அவன் சுருண்டு படுத்திருந்தானாம்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கே நடையைத் தொடங்குவதாகத் திட்டம். கனாப் ஊரில் சிற்றுண்டிக்கு நிறுத்திய இடத்தில் வெர்னுக்குப் பழைய சுரங்கக்காரர் ஒருவர் அகப்பட்டார். அப்பமும் காப்பியும் முடிந்தன, இன்னொரு காப்பியும் முடிந்தது, மறைந்துபோன மேலாளர்கள் ஒவ்வொருவரையும் எழுப்பி உட்காரவைத்துத் திட்டி முடித்தார்கள். நடீன் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள். எட்டு மைல் மண்பாதையில் குலுங்கி, வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். வேறு வண்டி ஒன்றும் இல்லை. வெளியே தொண்ணூற்றேழு டிகிரி ஃபாரன்ஹீட் என்று வண்டி காட்டியது.

இன்னொரு நாள் பார்க்கலாமே என்றாள் நடீன்.

"போக ஒண்ணரை மைல், வர ஒண்ணரை மைல். உன் பஸ்ஸுல கடைசி சீட்டுக்குப் போய் வர்ற தூரம்."

"என் பஸ்ஸுக்குக் கூரை இருக்கு."

அவன் சிரித்துக்கொண்டே ஆளுக்கு ஒன்றரை லிட்டர் எடுத்துக்கொண்டான். இரண்டு மணி நேரத்துக்கு அது போதும். அவர்கள் போனது இரண்டு மணி நேரத்துக்குத்தான்.

மணல் ஓடை வழியாக நடந்தார்கள். பள்ளத்தாக்கின் வாயில், பாறை முன்னால் துருத்திக்கொண்டு கொஞ்சம் நிழல் விழும் இடத்தில், ஒரு தண்ணீர் கேன் இருந்தது. ஒரு கேலன். மூடியின் வளையம் உடையவில்லை. வெர்ன் குனிந்து, தொடாமல் படித்தான். கறுப்பு மையில் பெரிய எழுத்தில் ஃபெம்கே என்று ஒரு பெயர், பெண்ணுடையது போலிருந்தது. கீழே 8/7.

எட்டாம் மாதம், ஏழாம் நாள். "இன்னிக்குத்தான்" என்றான் வெர்ன். இந்த வெயிலில் தனியாக நடந்து வருகிறாளே, கிறுக்கியாக இருப்பாள், ஆனாலும் ஒழுங்கானவள், பேரும் தேதியும் எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாள் பார் என்று மெச்சினான். பெயரும் தேதியும் இருக்கும் தண்ணீரை அந்தப் பக்கத்து ஆள் யாரும் தொடமாட்டார்கள். தேதி தாண்டிவிட்டால் வழிப்போக்கன் எடுத்துக்கொள்ளலாம். தாண்டும்வரை அது தண்ணீர் இல்லை, ஒருவருடைய உயிர்.

உள்ளே ஒரு பெரிய பாறைப் படியில் கையூன்றி ஏறி, தோள்கள் இரண்டு பக்கமும் உரசும் இடுக்குக்குள் போனார்கள். அங்கே கிணற்றுக்குள் இருப்பதுபோல் குளிர்ச்சி. சுவர்கள் சிவப்பாகவும் ஊதாவாகவும் மேலே ஏறிப்போயின. நடீன் காலணியைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த மணலில் கால் வைத்து உட்கார்ந்தாள். வெர்ன் படுத்துக் கொஞ்சம் தூங்கியும்விட்டான். அவனை எழுப்பாமல் விட்டதைப் பற்றி அவள் பின்னால் நினைத்திருக்கிறாள். கையிலிருந்த தண்ணீரையெல்லாம் அங்கேயே குடித்து முடித்தார்கள். வண்டி பக்கத்தில்தானே இருந்தது.

வெளியே வந்தபோது மணி ஒன்று. பாறைப் படியில் சறுக்கி இறங்கியதும் வெயில் அடுப்புக் கதவைத் திறந்ததுபோல் முகத்தில் மோதியது. இருநூறு அடி வைத்திருப்பார்கள். வெர்ன் நின்றான். தலை ஒரு மாதிரியாக இருக்கிறது என்றான். முகம் சிவந்திருந்தது. காலையில் இரத்த அழுத்தத்துக்காக, உடம்பின் நீரை வெளியேற்றும் மாத்திரை போட்டிருந்தான், அதுதான் படுத்துகிறது போல என்றான். அவனைத் தோளில் சாய்த்து அந்தத் துருத்திய பாறையின் நிழலுக்கே திரும்பக் கூட்டி வந்தாள். பாறைப் படியில் மறுபடி ஏறிக் குளிர்ச்சிக்குள் போக அவன் கால்கள் ஒத்துழைக்கவில்லை. இரண்டு தடவை முயன்றார்கள், முடியவில்லை.

அவன் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இதைத் திறக்கறேன்" என்றாள் நடீன்.

"வேணாம்."

"வண்டியில ஆறு இருக்கு. கொண்டாந்து வெச்சிடலாம்."

"நீ போய் வர ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள அவ வந்துட்டா? எனக்கு நிழல் இருக்கு, பக்கத்துல வண்டி இருக்கு, நீ இருக்கே. அவளுக்கு இது ஒண்ணுதான்."

பாதி மட்டும் குடிக்கலாமே என்றாள். வளையம் உடைந்த கேனை யார் நம்பிக் குடிப்பார்கள் என்று கேட்டான். அதுவும் உண்மை. எவன் எதைக் கலந்தானோ என்று அங்கே ஒருவரும் குடிப்பதில்லை. அவன் தெளிவாகப் பேசினான். குரல் குழறவில்லை. மூளை சூடேறிய ஒருவன் கடைசிவரை நியாயமாகவே பேசக்கூடும் என்பது அவளுக்கு அன்றைக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்தொன்பது வருடம் அதைத்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

"போ. ரெண்டு கேன் எடுத்துட்டு வா. அந்தப் பொண்ணும் வந்தா மூணு பேருமாக் குடிப்போம். போ, டிரைவர்."

அவள் போனாள்.

அந்த ஒன்றரை மைலை ஐம்பது நிமிடத்தில் கடந்தாள். அவளுக்கே கண் இருண்டது. வண்டி நிறுத்துமிடத்தில் அரிசோனா எண்பலகையோடு ஒரு கார் அப்போதுதான் வந்து நின்றது. இளம் தம்பதி. நடீன் தன் வண்டியிலிருந்து ஒரு கேனைத் திறந்து குடித்துக்கொண்டே, போன் வேலை செய்யும் இடம்வரை திரும்பி ஓட்டுங்கள், உதவிக்கு ஆள் கேளுங்கள் என்று அவர்களை அனுப்பினாள். பிறகு இரு கைகளிலும் ஒவ்வொரு கேனோடு மணலில் இறங்கினாள். கை மாற்றிக்கொள்ள வழியில்லை. ஒவ்வொரு இருநூறு அடிக்கும் இறக்கி வைத்தாள், எடுத்தாள். நூற்றியெட்டு டிகிரி என்று பின்னால் சொன்னார்கள்.

தூரத்திலிருந்து பார்த்தபோது வெர்ன் வெயிலில் கிடந்தான்.

இரண்டு மணி நேரத்தில் சூரியன் நகர்ந்திருந்தது. பாறையின் நிழல் ஒரு முழமாகச் சுருங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு முழத்துக்குள் கேன் இருந்தது. அவன் அதை நிழலோடு நிழலாக நகர்த்திக்கொண்டே போயிருக்கிறான். மணலில் அது இழுபட்ட தடம் நாலு இடத்தில் நின்று நின்று தெரிந்தது. அவன் நிழலுக்கு வெளியே, கேனுக்குக் குறுக்கே படுத்திருந்தான். மூடியின் வளையம் அப்படியே இருந்தது.

கொண்டு வந்த இரண்டையும் அவன்மேல் ஊற்றினாள். தலை, கழுத்து, நெஞ்சு. வாயில் ஊற்றியது வழிந்துவிட்டது. அவன் பெயரைச் சொன்னாள், கன்னத்தில் அடித்தாள், நெஞ்சை அழுத்தினாள், எண்ணினாள், மறுபடி அழுத்தினாள். இரண்டு கேனும் காலியாகி உருண்டன. அப்போது அவள் கண் மூன்றாவது கேன்மேல் போனது. கை போகவில்லை. அவன் செத்துப்போயிருந்தான், அல்லது செத்துக்கொண்டிருந்தான், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு கேலன் தண்ணீர் இருந்தது. அவள் தொடவில்லை. ஏன் என்று அவளை யாரும் கேட்டதில்லை.

உதவிக்கு வந்தவர்கள் நாலு பேர். மருத்துவ உதவியாளர் முழங்காலிட்டுப் பார்த்தார், வெகுநேரம் முயன்றார், பிறகு எழுந்து தொப்பியைக் கழற்றினார். ஆறுதலாகத்தான் சொன்னார், "ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி மேல ஊத்த ஒரு கேன் தண்ணி இருந்திருந்தா, வேற மாதிரி இருந்திருக்கும். நீங்க முடிஞ்சதைச் செஞ்சீங்கம்மா." சொல்லி முடித்துத் திரும்பியபோது அவர் காலில் கேன் இடித்தது. குனிந்து பெயரைப் படித்தார், தேதியைப் படித்தார். சாய்ந்திருந்ததை நிமிர்த்தி நிழலுக்குள் தள்ளி வைத்தார்.

வெர்னைத் தூக்குபலகையில் கட்டியபோது நடீன் வாய் திறந்தாள். ஒரு பெண் இன்றைக்கு இந்த வழியாக வர வேண்டும், இன்னும் வரவில்லை, அவளைப் போய்த் தேடுங்கள் என்றாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் தேதியைக் காட்டினாள். அதற்குமேல் யாரும் தயங்கவில்லை. அன்று மாலை முழுக்க ஆறு பேர் ஓடையின் மேல்பக்கம் ஏழு மைல் தேடினார்கள். இருட்டும்வரை ஒரு காலடித் தடம்கூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் உடலை ஈலிக்குக் கொண்டுபோக ஏற்பாடாயிற்று. நடீன் கிளம்ப மாட்டேன் என்றாள். அந்தப் பெண் கிடைக்க வேண்டும், அந்தத் தண்ணீரை அவள் குடிக்க வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் வருகிறேன் என்று ரேஞ்சர் நிலையத்துப் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்துவிட்டாள். வெர்ன் எதற்காகவோ செத்திருந்தான். அந்த எதற்காகவோவுக்கு ஒரு பெயர் இருந்தது.

முந்தின நாள் அங்கே வந்திருந்த ரேஞ்சர் கோலீன் நாற்பது வயதுக்காரி, பேச்சுக் குறைவு. நீண்ட நடைவழி தொடங்கும் வடக்கு முனையில் ஒரு இரும்புப் பெட்டி உண்டு. உள்ளே ஒரு நோட்டு. கிளம்புகிறவர்கள் பெயர், ஊர், மின்னஞ்சல், தேதி எழுதிவிட்டுப் போவார்கள். அந்தப் பெண் எப்போது கிளம்பினாள் என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்று தெரியும் என்று, விடிவதற்குள் முப்பது மைல் போய்க் கோலீன் அந்த நோட்டை எடுத்து வந்திருந்தாள். ஆகஸ்ட் மாதப் பக்கங்களில் அந்தப் பெயர் இல்லை. பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள். மேல் வரியையும் கீழ் வரியையும் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"கேன்ல என்ன எழுதியிருந்துதுன்னு சொன்னீங்க, மேடம்?"

"எட்டு, கோடு, ஏழு."

கோலீன் நோட்டைத் திருப்பி அவள் பக்கம் வைத்தாள். மேலே ஒரு வரி, லாஸ் வேகஸ்காரர் ஒருவர், 7/4. ஜூலை நாலு. கீழே ஒரு வரி, 7/6, டென்வர்க்காரர்கள் இரண்டு பேர். இரண்டுக்கும் நடுவில் அதே கறுப்பு எழுத்து. ஃபெம்கே கிளாஸ், கெண்ட், பெல்ஜியம். 5/7.

நடீன் அதைப் பார்த்தாள். மே ஏழா என்று கேட்டாள்.

"அவங்க ஊர்ல தேதியை முதல்ல எழுதுவாங்க. மாசம் அப்புறம்." கோலீன் நோட்டை இன்னும் கிட்டே தள்ளினாள். "அவங்க ஜூலை அஞ்சாம் தேதி கிளம்பியிருக்காங்க. எட்டாம் தேதி அந்த இடத்தைத் தாண்டியிருக்கணும்."

நடீன் நோட்டின்மேல் விரலை வைத்தாள். 7/4 என்பதைத் தொட்டாள், 5/7 என்பதைத் தொட்டாள், 7/6 என்பதைத் தொட்டாள். பள்ளியில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டுவதுபோல் மறுபடி முதலிலிருந்து தொட்டாள்.

"ஒரு மாசமா?"

"ஒரு மாசமா அது யாரோட தண்ணியும் இல்ல, மேடம்."

அவள் அழவில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது என்ன படம் என்று இன்றுவரை அவளுக்கு ஞாபகமில்லை. மூன்று தடவை படித்தோமே என்றாள். வெர்ன் படித்தான், நான் படித்தேன், அந்த மருத்துவ உதவியாளரும் படித்தாரே. கோலீன் தானும் நேற்று அதைப் படித்ததாகச் சொன்னாள். தேடப் போன ஆறு பேரும் படித்தார்கள்.

பிற்பகலில் இரண்டு பேருமாகப் போனார்கள். விட்டுச்சென்ற பொருளை அங்கே இருக்கவிடக் கூடாது என்பது விதி, எடுத்தாக வேண்டும். கோலீன் குனிந்தபோது, நான் எடுக்கிறேன் என்றாள் நடீன். மூடியைத் திருகினாள். வளையம் டக்கென்று உடைந்தது. எவ்வளவு சின்னச் சத்தம், எவ்வளவு சுலபம். வெர்ன் கிடந்த இடத்தில் தண்ணீரைக் கவிழ்த்தாள். ஒரு கேலனும் தீர எடுத்துக்கொண்ட நேரத்துக்குள் மணல் முதல் பாதியை உறிஞ்சிவிட்டிருந்தது. ஈரம்கூட மிச்சமில்லாமல் நிறம் வெளிறும்வரை நின்றாள். பிறகு கேனை நசுக்கிக் கோலீனிடம் கொடுத்தாள்.

ஈலியில் இறுதிச்சடங்குக்கு முந்நூறு பேர் வந்தார்கள். தேடுதல் குழுக்காரர்கள் சீருடையில் நின்றார்கள். வெர்ன் தன் கொள்கையோடு போனான், அடுத்தவர் தண்ணீரைத் தொடாமல் செத்தவன் என்று குழுத் தலைவர் பேசினார். கூட்டம் கண் துடைத்தது. நடீன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளையும், வந்திருந்த கோலீனையும் தவிர அந்தத் தேதியின் விஷயம் அறிந்தவர்கள் அங்கே யாருமில்லை. அவள் எழுந்து சொல்லவுமில்லை. சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்குத் தட்டுகள் ஒரு வாரத்துக்கு வீடு தேடி வந்தன. இரண்டு வாரத்தில் பள்ளி திறந்தது. அவள் பேருந்தை எடுத்தாள்.

மூன்று நிமிடக் கணக்கை அவள் விட்டுவிட்டாள் என்று பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். பிள்ளை வரும்வரை நின்றாள். பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம். முதல் மணி அடித்த பிறகே பேருந்து போய்ச் சேர்ந்ததால் பள்ளி கடிதம் அனுப்பியது. நடீனா, நம்ப முடியவில்லையே என்றார்கள். அவள் கடிதத்தைப் படித்து மடித்து வைத்தாள். மறுநாளும் நின்றாள்.

அடுத்த வருடம் ஜூன் மாதம், பள்ளி முடிந்த வாரம், அவள் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கோலீன் அனுப்பியிருந்தாள். தண்ணீரை விட்டுச்சென்றவர்களுக்கு நிலையத்திலிருந்து போகும் வழக்கமான எச்சரிக்கை போன ஆகஸ்டிலேயே போயிருக்கிறது. அந்தப் பெண் தென் அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்தாளாம், ஊர் திரும்பி இப்போதுதான் பதில் எழுதியிருக்கிறாள். படிக்க வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள், ஆனால் இது உங்களுக்குச் சேர வேண்டியது என்று எனக்குத் தோன்றியது என்று கோலீன் இரண்டு வரி சேர்த்திருந்தாள். நடீன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"வணக்கம். தண்ணீரை விட்டுச்சென்றதற்கு மன்னிக்கவும், விதி எனக்குத் தெரியாமல் போயிற்று. ஜூலை ஏழாம் தேதி ஒரு குடும்பத்தார் எனக்குக் குளிர்ந்த தண்ணீர் நிறையக் கொடுத்தார்கள். அதனால் எட்டாம் தேதி அந்த இடத்துக்கு வந்தபோது என் கேன் எனக்குத் தேவைப்படவில்லை. கொட்ட மனம் வரவில்லை. அவ்வளவு வெயில். பின்னால் தாகத்தோடு வருகிற யாருக்காவது உதவட்டும் என்று நல்ல நிழலாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தேன். இந்த ஒரு வருடத்தில் நடக்க முடியாமல் நான் உட்கார்ந்துவிட்ட போதெல்லாம், அதை யாரோ ஒருவர் திறந்து குடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்தேன். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். யாராவது குடித்தார்களா?"